தாம்பரம் தாத்தாக்களும் தோட்டா சத்தமும்: துப்பாக்கி போச்சு... தோழமை போகலை!

ஞாயிற்றுக்கிழமை மாலை. பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரை. சுண்டல், பஜ்ஜி, சுட்ட சோளம் என்று மூக்கை இழுக்கும் வாசனைகளைத் தாண்டி மணலில் நாலடி வைத்தால் பலூன் பலகை. சிவப்பு, மஞ்சள், பச்சை என வரிசையாக ஊதிக் கட்டிய பலூன்கள். எதிரே சின்ன மேஜை, அதன்மேல் இரண்டு ஏர்கன்.

பேரன் சுடுகிறான். ஒன்று... இரண்டு... மூன்று. ஒரு பலூன்கூட அசையவில்லை. "தாத்தா, நீங்க சுடுங்க!" என்று துப்பாக்கி கை மாறுகிறது.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. சில தாத்தாக்கள் துப்பாக்கியை வாங்கியதும் சுட மாட்டார்கள். குழலை ஆள் இல்லாத பக்கம் திருப்பிக்கொள்வார்கள். மடக்கிப் பார்த்து, குழல் ஆடுகிறதா என்று தொட்டுப் பார்ப்பார்கள். நுனியில் இருக்கும் குறிமுள் வளைந்திருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிக் கவனிப்பார்கள். பிறகு கட்டையைத் தோள் குழியில் பதித்து, கன்னத்தை ஒட்டி, பாதி மூச்சை விட்டு நிறுத்தி... முதல் குண்டைப் பலூனுக்கே குறி வைக்காமல் பலகையின் வெற்றிடத்தில் அடிப்பார்கள். குண்டு எங்கே பட்டது என்று பார்ப்பார்கள். குறியிலிருந்து இரண்டு விரற்கடை இடது பக்கம். அடுத்த குண்டுக்கு அதே அளவு வலது பக்கம் தள்ளிக் குறி.

டப்!

பேரன் குதிப்பான். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "சார் மிலிட்டரியா?" என்று கேட்பார்.

தென்சென்னைக் கடற்கரையில் அந்தக் கேள்விக்கு 'ஆமாம்' என்று பதில் வருவது ஆச்சர்யம் இல்லை. பரங்கிமலையில் தொடங்கிப் பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் என்று நீளும் புறநகர்ப் பட்டையில், ஒரு காலத்தில் துப்பாக்கி தூக்கிய கைகள் இன்று காய்கறிப் பை தூக்கிக்கொண்டு நடக்கின்றன.

அமெரிக்கத் தாத்தாக்களின் கௌபாய் விளையாட்டு

தாம்பரத்துக்குப் போவதற்கு முன் அமெரிக்காவை ஒரு எட்டு பார்த்துவிடலாம். அங்கே 'கௌபாய் ஆக்‌ஷன் ஷூட்டிங்' என்று ஒரு விளையாட்டு உண்டு. இதற்கான 'சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டி' என்ற அமைப்பு 1987-ல் கலிஃபோர்னியாவில் தொடங்கப்பட்டது. 19-ம் நூற்றாண்டுக் கௌபாய்கள் வைத்திருந்த மாதிரியான துப்பாக்கிகளை மட்டுமே பயன்படுத்த வேண்டும். ஆளுக்கு இரண்டு ரிவால்வர், ஒரு லீவர் ரைஃபிள், ஒரு ஷாட்கன். எதிரே இரும்புத் தகடுகள். 'டிங்... டிங்...' என்று எவ்வளவு வேகமாகத் தட்டி முடிக்கிறார்கள் என்பதுதான் போட்டி. ஒரு குண்டு தவறினால் மொத்த நேரத்தில் 5 விநாடி கூடிவிடும்.

தொப்பி, பூட்ஸ், இடுப்பு பெல்ட் என்று வேஷம் கட்டாயம். ஒவ்வொருவரும் ஒரு புனைபெயர் வைத்துக்கொள்ள வேண்டும். களத்தில் எல்லோரும் அந்தப் பெயரில்தான் கூப்பிடுவார்கள். சுடத் தொடங்குமுன் பழைய சினிமா வசனம் ஒன்றைச் சொல்ல வைக்கும் வழக்கமும் உண்டு. வங்கி மேலாளர், லாரி டிரைவர், பல் மருத்துவர் எல்லோரும் அன்றைக்கு ஒருநாள் சினிமா ஹீரோக்கள்.

கலந்துகொள்பவர்களில் நரைத்த தலைகள் அதிகம். அதற்கேற்ப 60, 65, 70 வயதைத் தாண்டியவர்களுக்கென்று தனித்தனிப் பிரிவுகளே இருக்கின்றன. போட்டி இல்லாத நாள்களில் வீட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து துப்பாக்கியைப் பிரித்து மாட்டுவது இவர்களின் அடுத்த சந்தோஷம். 1873 மாடல் வின்செஸ்டர் ரைஃபிளில் லீவரை முன்னும் பின்னும் தள்ளினால்தான் அடுத்த தோட்டா ஏறும். அந்தத் தூரத்தைக் குறைக்கச் சின்னச் சின்ன உலோகத் துண்டுகளை மாற்றுவார்கள். விறைப்பான ஸ்பிரிங்கை இளக்குவார்கள். உரசும் இடங்களைத் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். ஒரு விநாடியில் கால்வாசி மிச்சமானால் போதும், நண்பர்களிடம் காட்டி ஒரு மாதம் பெருமை பேசலாம்.

நம் ஊரில் இப்படி ஒரு விளையாட்டு கிடையாது. ஆனால், அதே வயது, அதே ஏக்கம், அதே அரட்டை இருக்கிறது. அதைத் தேடினால் புறநகர் ரயில் தடத்தில் கிடைக்கும்.

ஆயுதத்தின் பாதை: பரங்கிமலை முதல் தாம்பரம் வரை

கடற்கரை ஸ்டேஷனிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ல். அந்தத் தடத்தில் பரங்கிமலை வந்தாலே ராணுவ வாசனை தொடங்கிவிடும். பிரிட்டிஷ் காலத்தில் மதராஸ் பீரங்கிப் படையின் தலைமையிடம் இங்கேதான் இருந்தது. 1962 சீனப் போருக்குப் பிறகு அதிகாரிகள் நிறைய தேவைப்பட்டபோது, 1963-ல் இங்கே ஆபீசர்ஸ் டிரெய்னிங் ஸ்கூல் தொடங்கப்பட்டது. 1988-ல் அது 'அகாடமி' ஆனது. 1992 முதல் பெண்களும் இங்கே பயிற்சி பெற்று அதிகாரிகளாக வெளியே வருகிறார்கள்.

அடுத்து பல்லாவரம். இந்த ஊருக்கு ஆயுத வரலாற்றில் இருக்கும் இடம் பலருக்குத் தெரியாது. 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற புவியியலாளர், பல்லாவரம் ராணுவ பிரிகேட் மைதானத்தை ஒட்டிய சரளைக் குழி ஒன்றில் ஒரு கல்லை எடுத்தார். மனிதக் கையால் செதுக்கிக் கூர்மையாக்கப்பட்ட கற்கோடரி அது. இந்தியாவின் பழைய கற்கால ஆராய்ச்சியே அந்த ஒரு கல்லிலிருந்துதான் தொடங்கியது. சிப்பாய்கள் துப்பாக்கி தூக்கி நடந்த மைதானத்தின் ஓரத்தில், அவர்களுக்குப் பல்லாயிரம் தலைமுறை முந்தைய மனிதர் ஒருவர் உட்கார்ந்து தன் ஆயுதத்தைத் தட்டித் தட்டிச் சரிசெய்திருக்கிறார். கையில் இருக்கும் கருவியை இன்னும் கொஞ்சம் நன்றாக்கிப் பார்க்கும் ஆசை அவ்வளவு பழையது!

அங்கிருந்து தாம்பரம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உருவான விமானப்படைத் தளம் இங்கே இருக்கிறது. விமானிகளுக்குக் கற்றுத்தரும் ஆசிரியர்களையே உருவாக்கும் 'ஃப்ளையிங் இன்ஸ்ட்ரக்டர்ஸ் ஸ்கூல்' செயல்படுவதும் இங்குதான். சேலையூர் பக்கம் போனால் வீட்டு மாடிக்கு மேலே பயிற்சி விமானங்கள் வட்டமடிக்கும். பழைய ஆள்கள் நிமிர்ந்து பார்க்காமலேயே சத்தத்தை வைத்து எந்த விமானம் என்று சொல்லிவிடுவார்கள்.

ஓய்வு பெற்ற ராணுவத்தினரும் விமானப்படையினரும் இந்தப் பகுதியில் வீடு கட்டிக் குடியேறியதற்குக் காரணங்கள் எளிமையானவை. பக்கத்திலேயே கேன்டீன், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவ மையம், ஊருக்குப் போக ரயில், பஸ். 'சர்வீஸில் பார்த்த முகங்கள் அடுத்த தெருவில் இருக்கின்றன' என்பது எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம்.

பாயின்ட் த்ரீ நாட் த்ரீ!

இந்தத் தாத்தாக்களிடம் துப்பாக்கிப் பேச்சை எடுத்தால் முதலில் வரும் பெயர் 'த்ரீ நாட் த்ரீ'. லீ என்ஃபீல்ட் ரைஃபிள். மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையில் தயாரான இது, கிட்டத்தட்ட 4 கிலோ எடை. பத்து தோட்டா போடலாம். ஒவ்வொரு முறையும் போல்ட்டைத் தூக்கி, இழுத்து, தள்ளி, மடக்க வேண்டும். அந்த 'கிளிக்... கிளாக்' சத்தத்தை ஒருமுறை கேட்டவர்கள் மறப்பதில்லை. சுட்டதும் தோளில் விழும் உதையையும்தான்!

1962 போரில் நம் வீரர்கள் பனிமலையில் பெரும்பாலும் இந்த ரைஃபிளோடுதான் நின்றார்கள். பிறகு எஸ்.எல்.ஆர் வந்தது. 1990-களில் இன்சாஸ் வந்தது. ராணுவம் கைவிட்ட பிறகும் போலீஸிலும் என்.சி.சி-யிலும் த்ரீ நாட் த்ரீ பல ஆண்டுகள் வாழ்ந்தது. உத்தரப் பிரதேச போலீஸ் இதற்கு விடை கொடுத்தது 2020 குடியரசு தினத்தன்றுதான்.

சுட்டதைவிடச் சுத்தம் செய்ததைப் பற்றித்தான் தாத்தாக்கள் அதிகம் பேசுவார்கள். ரைஃபிளின் பின்கட்டையில் ஒரு சின்ன மூடி இருக்கும். திறந்தால் உள்ளே எண்ணெய்ப் புட்டியும் 'புல் த்ரூ'வும். புல் த்ரூ என்பது ஒரு நீளக் கயிறு. ஒரு முனையில் பித்தளைக் குண்டு, மறுமுனையில் துணி மாட்ட வளையம். நான்கு அங்குலத்துக்கு இரண்டு அங்குலம் கிழித்த துணிக்கு 'சிந்தி' என்று பெயர். குண்டைக் குழலுக்குள் இறக்கி, மறுபக்கம் பிடித்து ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும். நடுவில் நின்றால் சிந்தி மாட்டிக்கொள்ளும். மாட்டிக்கொண்டால் ஹவில்தாரிடம் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

பிறகு இன்ஸ்பெக்‌ஷன். குழலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் உள்ளே கண்ணாடி மாதிரி மின்ன வேண்டும். துளி புகைக்கரி தெரிந்தாலும் மறுபடி முதலிலிருந்து. வட்டமாகத் தரையில் உட்கார்ந்து, ஆளுக்கொரு ரைஃபிளை மடியில் போட்டுக்கொண்டு, சிந்தி கிழித்துக் கொடுத்து, எண்ணெயைக் கைமாற்றி, ஊர்க்கதை பேசிய அந்த நேரம்தான் பலரின் நினைவில் ஆழமாகத் தங்கியிருக்கிறது. கன்னியாகுமரிக்காரரும் காங்க்ராக்காரரும் நண்பர்கள் ஆனது அங்கேதான்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்கத் தாத்தாக்கள் போல இவர்கள் ரைஃபிளில் கை வைத்து எதையும் மாற்ற முடியாது. சிப்பாயின் வேலை துடைப்பதும் எண்ணெய் போடுவதும் மட்டும். குறி தப்பினால் 'ஆர்மரர்' வர வேண்டும். ஒவ்வொரு ரைஃபிளுக்கும் அதன் போல்ட் பொருத்திப் பார்த்து எண் அடிக்கப்பட்டிருக்கும். ஒன்றின் போல்ட்டை எடுத்து இன்னொன்றில் போட்டால் குற்றம். அதனால்தான் 40 ஆண்டு கழித்தும் தன் ரைஃபிளின் எண்ணைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். பேரனின் மொபைல் நம்பர்தான் மறந்துபோகிறது!

குரூப்பிங் என்ற பாடம்

படையில் சேராதவர்களுக்கும் இந்தப் பகுதியில் ஒரு துப்பாக்கி நினைவு உண்டு. அதற்குக் காரணம் என்.சி.சி. 1948-ல் தொடங்கப்பட்ட இந்த அமைப்பில் சேர்ந்த கல்லூரி மாணவர்கள் ஏராளம். 1937-ல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி மாதிரியான பெரிய, மரங்கள் அடர்ந்த வளாகங்களில் படித்தவர்களைக் கேட்டால், "சாவ்தான்... விஷ்ராம்" என்று இன்றும் சரியான ராகத்தில் சொல்லிக் காட்டுவார்கள். இந்தி தெரியாத நாக்குகள் முதலில் கற்ற இந்தி அதுதான். பரேடு முடிந்ததும் கிடைக்கும் டிபனுக்காகவே சேர்ந்தோம் என்று ஒப்புக்கொள்பவர்களும் அநேகம்.

கேம்ப்பில் பாயின்ட் டூ டூ ரைஃபிள் கொடுப்பார்கள். தரையில் குப்புறப் படுத்து, முழங்கை மண்ணில் ஊன்றி ஐந்து குண்டு. எல்லோருக்கும் நடுப்புள்ளியை அடிக்கத்தான் ஆசை. ஆனால், அங்கே முதலில் பார்ப்பது 'குரூப்பிங்'. ஐந்து குண்டும் தாளில் எங்கே பட்டது என்பது அப்புறம். ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கமாகப் பட்டது என்பதுதான் முக்கியம். ஐந்தும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கினால், அவை ஓரத்தில் விழுந்திருந்தாலும் சுட்டவர் கெட்டிக்காரர். குறைபாடு துப்பாக்கியின் குறிமுள்ளில். அதைத் திருத்திவிடலாம். சிதறிப்போனால் திருத்த வேண்டியது ஆளை.

வயதான பிறகு இந்தப் பாடம் வேறு மாதிரி புரிகிறது. வாழ்க்கையில் நடுப்புள்ளியை அடித்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஓரத்தில் பட்டாலும் ஒன்றாகச் சேர்ந்து விழுந்த நண்பர்கள் இருந்தால் அது நல்ல குரூப்பிங்!

ஜெய்சங்கர், ரஜினி, டெக்ஸ் வில்லர்

சரி, கௌபாய் எங்கே வந்தார்? சினிமா கொட்டகை வழியாகத்தான். ஒளிப்பதிவாளராக இருந்து இயக்குநரான கர்ணன், குதிரை, தொப்பி, துப்பாக்கி என்று தமிழிலேயே கௌபாய் உலகத்தைக் காட்டினார். 1972-ல் வந்த 'கங்கா', 'ஜக்கம்மா' இரண்டிலும் ஜெய்சங்கர். 1978-ல் 'தாய் மீது சத்தியம்' படத்தில் ரஜினிகாந்த் கௌபாய் ஆனார். ஆங்கிலப் படமான 'மெக்கன்னாஸ் கோல்டு'க்கு மதராஸில் இருந்த மவுசு அந்தத் தலைமுறைக்குத் தெரியும். வசனம் புரியாமலே குதிரைக்காகவும் துப்பாக்கிக்காகவும் திரும்பத் திரும்பப் பார்த்தவர்கள் உண்டு. 2010-ல் சிம்புதேவன் இயக்கிய 'இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்' இந்த மொத்த ஏக்கத்துக்கும் செய்த சிரிப்பு மரியாதை.

இன்னொரு வாசல் சிவகாசி. அங்கிருந்து 1972 முதல் முத்து காமிக்ஸ், 1984 முதல் லயன் காமிக்ஸ். 1948-ல் இத்தாலியில் பிறந்த 'டெக்ஸ் வில்லர்' என்ற கௌபாய் ரேஞ்சரைத் தமிழ்ப் பையன்களின் பள்ளிப் பைக்குள் கொண்டுவந்தது லயன்தான். இத்தாலிய ஓவியர்கள் வரைந்த அமெரிக்கப் பாலைவனத்தைச் சிவகாசித் தமிழில் படித்துவிட்டுத்தான் 'வின்செஸ்டர்', 'கோல்ட்' என்ற பெயர்களெல்லாம் இங்கே பழக்கமாயின. அந்தப் பையன்களுக்கு இப்போது பேரன், பேத்தி எடுக்கும் வயது. ஆனாலும் புத்தகக் கண்காட்சி ஸ்டாலில் சந்தித்துக்கொண்டால், எந்த இதழ் யாரிடம் இருக்கிறது என்ற பேச்சில் சாப்பாட்டு நேரம் மறந்துபோகும்.

ஆக, அமெரிக்கத் தாத்தாவும் தாம்பரம் தாத்தாவும் சிறுவயதில் பார்த்த கனவு ஒன்றுதான். அவருக்கு அது சொந்த ஊர்க் கதை. இவருக்கு அது பெஞ்ச் டிக்கெட் கதை.

70 வயதில் பிரியும் பாதை

இரண்டு தாத்தாக்களும் வேறுபடும் இடம் சட்டம்.

இந்தியாவில் துப்பாக்கி வைத்திருக்க 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்கலாம். உரிமம் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். தேர்தல் வந்தால் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, ரசீது வாங்கி, முடிந்ததும் திரும்ப எடுத்து வரும் நடைமுறையும் உண்டு. துப்பாக்கியைப் பழுது பார்ப்பதற்கே தனி உரிமம் தேவை. அமெரிக்கத் தாத்தா கொட்டகையில் உட்கார்ந்து செய்யும் ஸ்பிரிங் வேலையை இங்கே ஒருவர் வீட்டில் செய்தால் அது குற்றம். பாதுகாப்பு கருதிய இந்தக் கட்டுப்பாடுகளைப் படையில் இருந்தவர்கள் யாரையும்விட நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். ஒரு குண்டு என்ன செய்யும் என்று அவர்களுக்குத்தானே தெரியும்!

ஆனால், மனசு வலிக்கும் இடம் ஒன்று இருக்கிறது. 2016 ஆயுத விதிகளின்படி, உரிமம் வைத்திருப்பவருக்கு 70 வயது ஆகிவிட்டாலோ, 25 ஆண்டுகள் துப்பாக்கி வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே அதை வாரிசுக்கு மாற்றிக்கொடுக்கலாம். வாரிசுக்குத் தகுதி இருந்து, அவர் பெயரில் உரிமம் கிடைக்க வேண்டும்.

அமெரிக்கத் தாத்தாவுக்கு 70 என்பது புதிய போட்டிப் பிரிவில் நுழையும் வயது. இங்கே 70 என்பது, "இதை யார் வாங்கிக்கொள்வது?" என்று யோசிக்கத் தொடங்கும் வயது.

பதில் பெரும்பாலும் 'யாரும் இல்லை' என்பதுதான். மகன் ஓ.எம்.ஆரில் ஐ.டி வேலை. மகள் வெளிநாட்டில். வீட்டில் சின்னக் குழந்தை. "எதுக்குப்பா இந்த வம்பு? கொடுத்துடுங்க" என்பது நியாயமான பேச்சுதான். அப்பா வழியில் வந்த இரட்டைக்குழல் துப்பாக்கியைக் கடைசியாக ஒருமுறை துடைத்து, எண்ணெய் போட்டு, உறையில் வைத்து ஒப்படைத்துவிட்டு வரும் நாளில் வீடு கொஞ்சம் அமைதியாகத்தான் இருக்கும். பூட்டிய அலமாரியில் ஓர் இடம் காலி. அதைப் பற்றி வீட்டில் யாரிடம் பேசுவது?

பேச ஆள் கிடைக்கும் இடங்கள்

அந்தப் பேச்சு வீட்டுக்கு வெளியே நடக்கிறது. கேன்டீன் கார்டோடு வரிசையில் நிற்கும்போது. மருத்துவ மையத்தில் சர்க்கரை மாத்திரைக்காக டோக்கன் வாங்கிக் காத்திருக்கும்போது. நவம்பரில் ஆயுள் சான்றிதழ் கொடுக்கப் போகும்போது. பென்ஷன் 'ஸ்பர்ஷ்' இணையதளத்துக்கு மாறிய பிறகு, மொபைல் பழகிய ஒரு தாத்தா பழகாத நான்கு தாத்தாக்களுக்கு வாத்தியார் ஆகிவிடுகிறார். முன்பு சிந்தி கிழித்துக் கொடுத்த கை, இப்போது ஓ.டி.பி படித்துச் சொல்கிறது.

டிசம்பர் 7 கொடிநாள், டிசம்பர் 16 வெற்றி தினம் வந்தால் பழைய மெடல்கள் பீரோவிலிருந்து வெளியே வரும். 1971 போரில் 20 வயது இளைஞராக நின்றவர்கள் இப்போது 70-களில் இருக்கிறார்கள். சந்தித்ததும் முதல் கேள்வி, "எந்த யூனிட்?" இரண்டாவது, "எந்த வருஷம்?" மூன்றாவது கேள்வியை யாரும் சத்தமாகக் கேட்பதில்லை. சுற்றிப் பார்த்து, இந்த முறை யார் வரவில்லை என்று மனசுக்குள் எண்ணிக்கொள்வார்கள்.

வங்கி வாசலில் ஒற்றைக்குழல் துப்பாக்கியோடு நிற்கும் காவலாளியையும் இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். அவர்களில் பலர் முன்னாள் படைவீரர்கள். பணம் கட்டப் போகும் இன்னொரு முன்னாள் வீரர் அவரைப் பார்த்ததும் வரிசையை மறந்து நின்றுவிடுவார். இரண்டு நிமிடம் பேச்சு. போகும்போது ஒருவருக்கொருவர் "ராம் ராம் சாப்" அல்லது "ஜெய் ஹிந்த்". அந்த வங்கியில் அன்றைக்கு நடந்த மிக மரியாதையான பரிமாற்றம் அதுவாகத்தான் இருக்கும்.

பலூன் கடையின் ஆர்மரர்

மறுபடி கடற்கரைக்கு வருவோம். துப்பாக்கியைப் பிரித்து மாட்டும் ஆசைக்கு இங்கே மிச்சமிருக்கும் சின்ன ஜன்னல் இந்தப் பலூன் கடைதான்.

பலூன் கடை ஏர்கன்னில் வெடிமருந்து கிடையாது. குழலை மடக்கும்போது உள்ளே ஒரு பெரிய ஸ்பிரிங் அமுங்குகிறது. விசையை அழுத்தினால் ஸ்பிரிங் விரிந்து பிஸ்டனைத் தள்ள, அடைபட்ட காற்று சின்ன ஈயக் குண்டை வெளியே தள்ளுகிறது. பிஸ்டன் முனையில் பெரும்பாலும் தோல் வாஷர் இருக்கும். அது காய்ந்துபோனால் காற்று கசியும்; குண்டு பலூன் வரை போய் 'தொப்' என்று விழும். இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு ஊறவைத்தால் மறுபடி உயிர் வரும். கடல் உப்புக்காற்றில் ஸ்பிரிங் துரு ஏறும். நாளெல்லாம் பல நூறு முறை மடக்கப்படுவதால் குழல் இணையும் இடம் தளர்ந்து, குறி விலகும்.

கடைக்காரர்கள் வேண்டுமென்றே குறிமுள்ளை வளைத்து வைத்திருக்கிறார்கள் என்பது ஊரறிந்த கிண்டல். பழைய ஆள்கள் அதை அப்படியே ஏற்பதில்லை. குழந்தைகள் கீழே போட்டு, மணலில் குத்தி, இழுத்து விளையாடிய துப்பாக்கி எப்படி நேராக இருக்கும்? கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துக் கடைக்காரரிடம், "தம்பி, வாஷர் போயிருக்கு. ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டுப் பாரு" என்று தொடங்கும் பேச்சு, அடுத்த வாரமும் தொடரும். பிறகு அது நட்பு. அடுத்தமுறை தாத்தா வந்தால் கடைக்காரர் நல்ல துப்பாக்கியை எடுத்து நீட்டுவார். இரண்டு குண்டு இலவசம்!

பலூனை உடைக்கத் தாத்தா தரும் டிப்ஸ்

* துப்பாக்கி காலியாக இருந்தாலும் ஆள் பக்கம் திருப்பக் கூடாது. இது முதல் விதி, கடைசி விதியும் இதுதான்.
* முதல் குண்டு துப்பாக்கியைத் தெரிந்துகொள்ள. பலகையின் காலி இடத்தில் அடித்து, எந்தப் பக்கம் விலகுகிறது என்று பார்க்க வேண்டும்.
* பின்குறியின் பள்ளத்துக்கு நடுவில் முன்குறியின் நுனி தெரிய வேண்டும். கண் பலூனைவிட முன்குறியைத் தெளிவாகப் பார்க்க வேண்டும்.
* மூச்சை இழுத்து, பாதி விட்டு, நிறுத்தி, விசையை வெடுக்கென்று இழுக்காமல் மெதுவாக அழுத்த வேண்டும்.
* சுட்டதும் உடனே துப்பாக்கியை இறக்கக் கூடாது. ஒரு விநாடி அப்படியே இருக்க வேண்டும். ஸ்பிரிங் துப்பாக்கிக்கு இது ரொம்ப முக்கியம்.

பேரன், பேத்திக்கு ஆர்வம் வந்துவிட்டால் அதற்கும் முறையான வழி இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற ரைஃபிள் கிளப்புகளில் பயிற்சியாளரின் மேற்பார்வையில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள், ஏர் பிஸ்டல் கற்கலாம். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் வெண்கலம் வென்ற ககன் நாரங் பிறந்தது சென்னையில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலக அளவில் தங்கம் குவித்தவர். பாரிஸ் ஒலிம்பிக்கில் ட்ராப் பிரிவில் ஆடிய பிருத்விராஜ் தொண்டைமான் புதுக்கோட்டை அரச குடும்பத்தைச் சேர்ந்தவர். நடிகர் அஜித் குமார் 50 வயதை ஒட்டிய காலத்தில் சென்னை ரைஃபிள் கிளப் சார்பில் மாநிலப் போட்டியில் பதக்கங்கள் வென்றார். வயது ஒரு தடையே இல்லை என்பதற்கு அதுவும் சாட்சி.

போகும் வழி

தாம்பரம், பல்லாவரம், பரங்கிமலைக்குக் கடற்கரையிலிருந்து மின்சார ரயிலே வசதி. ராணுவ, விமானப்படை வளாகங்களுக்குள் பொதுமக்கள் அனுமதியின்றி நுழைய முடியாது; வெளியே நின்று புகைப்படம் எடுப்பதும் கூடாது. பழைய ஆயுதங்களைப் பார்க்க எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கும் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்கும் போகலாம். ராபர்ட் புரூஸ் ஃபூட் சேகரித்த கற்கருவிகள் 1904-ல் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குத்தான் வந்து சேர்ந்தன. எலியட்ஸ் கடற்கரைக்கு வெயில் தாழ்ந்து ஐந்து மணிக்கு மேல் போவது நல்லது.

போகும்போது வீட்டுத் தாத்தாவையும் கூட்டிப் போங்கள். படையில் இருந்தவராக இருந்தால், "உங்க ரைஃபிள் நம்பர் என்ன தாத்தா?" என்று கேட்டுப் பாருங்கள். என்.சி.சி-யில் இருந்தவர் என்றால் கேம்ப் கதை கேளுங்கள். எதிலும் இல்லாதவர் என்றால் 'ஜக்கம்மா' எந்தக் கொட்டகையில் பார்த்தார் என்று கேளுங்கள். பதில் சொல்லும் அந்த அரை மணி நேரம் அவர் வயது பாதியாகிவிடும்.

பலூன் பலகையில் இன்னும் நிறைய பலூன்கள் இருக்கின்றன. கதை தெரிந்த தாத்தாக்கள்தான் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகிறார்கள்.